தேன்சிட்டுக்காக ஒட்டறை அடிக்காமல் விட்ட கதை

ஹம்மிங் பறவைக் காணொளிகள்தான் இந்தப் பைத்தியத்தைத் தொடக்கி வைத்தன. பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறது, நினைத்தால் பின்பக்கமாகவும் பறக்கிறது. கியூபாவில் உள்ள ஒரு வகை 2 கிராம் அளவுதானாம். ஆனால் அந்தக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களோடு சரி. யாழ்ப்பாணத்து வளவுக்குள் வருவது தேன்சிட்டு. அதையாவது கிட்ட வரவழைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் சீனித் தண்ணி. ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் என்பது ஹம்மிங் பறவைக்காரரின் கணக்கு. சின்னப் போத்தலில் ஊற்றி, வாய்க்குச் சிவப்பு மூடி போட்டு, உடுப்புக் காயப்போடும் கொடியில் கட்டிவிட்டேன். எறும்புகள் வரிசை கட்டி வந்து குடித்தன. சிட்டு அதே கொடியில் இருந்து இறகு கோதிவிட்டு, போத்தலைத் திரும்பியும் பாராமல் செவ்வரத்தைக்குப் போனது.

இரண்டும் தேன் குடிக்கிறவைதான், ஆனால் உறவில்லை. ஹம்மிங் பறவைக்குக் கிட்டத்து உறவு உழவாரன். எங்கள் பனை வட்டுக்குள் கீச்சிட்டபடி புகுந்து திரிகிறதே பனை உழவாரன், ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் கூட்டை ஒட்டி வைக்குமே, அதுதான். தேன்சிட்டோ காகமும் ஊர்க்குருவியும் உள்ள பெரிய வரிசையைச் சேர்ந்தது. ஹம்மிங் பறவையின் சிறகு தோளில் இருந்தே புரளும். கீழே அடிக்கும்போதும் மேலே எழும்போதும் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும். தேன்சிட்டுக்கு அந்த வசதி இல்லை. கொஞ்ச நேரம் படபடவென்று அடித்து நிற்கும், அவ்வளவுதான். அதற்கு இருந்து குடிக்க இடம் வேண்டும்.

இது பிடிபட்ட பிறகு போத்தலைக் கழற்றிவிட்டு, செவ்வரத்தைக்குப் பக்கத்தில் மெல்லிய கிளுவங்கதியால்கள் ஊன்றினேன். பலன் உடனே தெரிந்தது. கதியாலில் இருந்து நாலு பக்கமும் பார்க்கும், பூக்காம்புக்குத் தாவும், தலைகீழாகத் தொங்கும். செவ்வரத்தைக்குள் முறைப்படி வாயால் நுழைவதே குறைவு. பூவின் அடியில் அலகால் துளை போட்டுத் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். மகரந்தம் ஒரு பொட்டும் ஒட்டாது. சுத்தக் களவு! வாழைப்பொத்தியில் மட்டும் நல்ல பிள்ளை மாதிரி மடலுக்குக் கீழே தொங்கி, ஒவ்வொரு பூவாகக் குடிக்கும்.

வருகிறவை இரண்டு வகை. ஊதாத் தேன்சிட்டின் ஆண் நிழலில் வெறும் கறுப்பு. வெயில் பட்டால்தான் நீலமும் ஊதாவும் மின்னும். இனப்பெருக்கக் காலம் போனால் அந்த மினுக்கம் கழன்று, பெட்டையைப் போல மங்கி, தொண்டையில் இருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். முதலில் அதை நான் வேறு பறவையாகவே எண்ணியிருந்தேன். மற்றது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, மஞ்சள் வயிறு, வருடம் முழுக்க ஒரே உடுப்பு.

மாசியளவில் ஆணுக்குச் சண்டைக் குணம் ஏறியது. மோட்டார் சைக்கிள் கண்ணாடிக்குள் தெரிந்த தன்னையே எதிரியாக நினைத்துக் கொத்திக்கொண்டு நின்றது. பழைய சொக்ஸை மாட்டி மூடிய பிறகுதான் ஓய்ந்தது. இதைச் செய்து பார்ப்பவர்கள் முதல் வேலையாகக் கண்ணாடியை மூடுங்கள், பாவம், தீனியையும் மறந்து கொத்தும்.

உண்மையான திருப்பம் சிலந்திவலையில்தான் வந்தது. ஒருநாள் காலையில் ஊதாப்பிட்டத்தின் பெட்டை, குளியலறைச் சுவர் மூலையில் இருந்த ஒட்டறையை அலகில் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு மாதுளைக்குப் போனது. கூடு கட்டுவது பெட்டைதான். சிலந்தி நூல்தான் அதற்குக் கயிறும் பசையும். நாரும் பஞ்சும் சேர்த்துப் பை போலத் தொங்கவிட்டு, பக்கத்தில் வாசலும் வாசலுக்கு மேலே சின்னத் தாழ்வாரமும் வைத்தது. வெளியே மரப்பட்டைத் துண்டு, மயிர்க்கொட்டிப் பீ என்று அகப்பட்டதெல்லாம் ஒட்டியிருந்தது. தெரியாதவர் பார்த்தால் கொப்பில் சிக்கிய குப்பை என்றுதான் நினைப்பார். ஹம்மிங் பறவையும் கூட்டுக்குச் சிலந்தி நூலைத்தான் பாவிக்கும். ஆனால் அங்கே தகப்பன் எட்டியும் பார்ப்பதில்லை. எங்கள் மாதுளையில் இரண்டு பேருமே குஞ்சுக்கு இரை கொண்டு வந்தார்கள்.

அந்த இரையில் சிலந்தியும் சின்னப் பூச்சிகளும் நிறைய. வெறும் தேனில் குஞ்சு வளராது. அதனால் செவ்வரத்தையில் மாவுப்பூச்சிக்கு அடித்து வந்த மருந்தை நிறுத்தினேன். இப்போது கிணற்றுத் தண்ணியை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுகிறேன், மிஞ்சினால் சவர்க்காரத் தண்ணி. செடி முன்னைப்போல மினுங்கவில்லை என்பது உண்மை, எனக்கு அது பரவாயில்லை.

ஒட்டறை விஷயத்தில் அம்மாவோடு ஒரு வழக்கு நடந்தது. "உந்த வலையளை எடுக்காமல் விட்டால் வீட்டுக்கு வாற சனம் என்ன நினைக்கும்?" என்றார். கடைசியில் முன் விறாந்தை அவருடைய ஆட்சி, வீட்டுக் கோடி என்னுடையது என்று முடிந்தது.

அடுத்த பிரச்சினை கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஏறிய குருவிச்சை என்ற ஒட்டுண்ணிச் செடி. மரத்தைத் தின்னும், வெட்டு என்கிறார்கள், அதுவும் சரிதான். ஆனால் அதன் குழல் பூவுக்கு மகரந்தம் காவுவதே தேன்சிட்டுகள்தான். பழத்தைத் தின்று, ஒட்டுகிற விதையைக் கொப்பில் தேய்த்துப் பரப்புவது பூக்கொத்திக் குருவி. பழம் வரமுன் காய்க்கொத்துகளை வெட்டி, ஒரேயொரு பற்றையை மட்டும் விட்டிருக்கிறேன். பரவினால் அதற்கும் கத்திதான்.

மூன்றாவது வகையான நீள் அலகுத் தேன்சிட்டு இன்னும் எங்கள் வளவுக்கு வரவில்லை. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டன் என்பவரின் பெயரை 1766இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதற்குச் சூட்டினார். ஊதாத் தேன்சிட்டோடு மாறாமல் இருக்க அலகின் நீளத்தையும், ஆணின் மண்ணிற வயிற்றையும் பார்க்க வேண்டும். மாரி தொடங்க முன்னம் கிணற்றடி வாய்க்கால் ஓரமாக இன்னும் கொஞ்சம் ஒற்றைச் செவ்வரத்தைத் தடி நடப்போகிறேன். அடுக்குப்பூவில் சிட்டு மினக்கெடுவதை நான் காணவில்லை.