"சும்மாதான் இருக்கேன்மா"

மலேசியாவில், சுங்கை சிப்புட் டவுனில் அரசாங்கப் பாரங்களை (படிவங்களை) நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறேன். சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி, ஈபிஎப் என்கிற சேமநிதி, பள்ளி உதவித்தொகை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். தோட்டத்து அக்காமார்களிடம் "என்ன வேலைக்கா?" என்று கேட்டால், உடனே பதில் வரும். "வீட்டுல சும்மாதான் இருக்கேன்மா."

2022 டிசம்பர் 1-ஆம் தேதி இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் தொடங்கியது. வருடத்துக்கு 120 வெள்ளி (ரிங்கிட்) கட்டினால், சமைக்கும்போது விபத்து நேர்ந்தாலும் சிகிச்சை உண்டு, உதவித்தொகை உண்டு. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் சேரலாம். கல்யாணம் ஆகாதவர்களும், வெளியே வேலைக்குப் போகிறவர்களும்கூட. அடுப்படியை ஒரு சட்டம் வேலை என்று ஒப்புக்கொண்டதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓர் அக்கா கையெழுத்துப் போடச் சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளத்தது. தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது எண்ணெய்ச் சட்டி சாய்ந்ததாம். "அது பழைய காயம்மா. அன்னிக்கு ராத்திரியே இன்னொரு கையால சோறாக்கிட்டேன்" என்றார். சற்று முன்தான் சும்மா இருப்பதாகச் சொன்னவர்.

என் அம்மாவும் அப்படித்தான். விடியுமுன் எழுந்து உலை வைத்து, எங்களைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே பால்மர (ரப்பர் மர) வேலை. திரும்பி வந்ததும் அப்பா வாசலில் உட்காருவார், அம்மா அம்மி முன் உட்காருவார். அப்பா கெட்டவர் இல்லை. எழுந்து வா என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை, நாங்கள் உட்பட.

இப்போது கொஞ்சம் மாறித்தான் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் மனைவியின் பேறுகாலத்துக்குக் கணவனுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்தக் கடிதம் டைப் செய்ய வந்த ஒரு தம்பி, பத்தியக் குழம்புக்குப் பூண்டு எவ்வளவு போடுவது என்றும் என்னிடமே கேட்டுக்கொண்டு போனான்.

போன மாதம் ஓர் அண்ணன் வந்தார். செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். முதுகில் அடிபட்டு வீட்டில் இருக்கிறார். மனைவிக்கு ஈப்போவில் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். ஐசியை (அடையாள அட்டையை) நீட்டிய விரல்களில் நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"அந்த வீட்டுச் சமையல் சொக்சோவுல என் பேரைப் போடும்மா."

"அது பொம்பளைங்களுக்கு மட்டும்தாண்ணே."

சொல்லும்போது எனக்கு நாக்கு கூசியது. இத்தனை வருடம் பெண் என்பதால் அடுப்படி எங்கள் தலையில் விழுந்தது. இன்று ஓர் ஆண் அதைத் தோளில் எடுத்து வந்து நிற்கும்போது, பாரத்தில் அவருக்குக் கட்டம் இல்லை. அவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

அவர் சிறிது நேரம் ஐசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அவ பேர்லயே போடு" என்று 120 வெள்ளியை எண்ணி வைத்தார். கையிலிருந்த பையில் நெத்திலியும் முருங்கைக்காயும். "சீக்கிரம் முடிச்சுடும்மா. அவ எந்திரிக்கிறதுக்குள்ள குழம்பு வைக்கணும்."