படலையடியில் மூன்று செக்கன்

திருகோணமலை உப்புவெளியில் எடுத்த படலைக் காட்சியை எங்கே வெட்டுவது என்பதில் இயக்குநருக்கும் எனக்கும் ஏற்பட்ட வாக்குவாதம், படம் முடிந்து ஊரில் திரையிட்ட பிறகும் என்னை விட்டபாடில்லை. காணி விற்கவென்று கனடாவிலிருந்து வந்தவன் தான் பிறந்த வீட்டுப் படலையில் நிற்க, உள்ளிருந்து வரும் அம்மா, "ஆர் தம்பி? காணி பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்கிறார். சிரிப்பு அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. கேட்டவர் நடிகையல்லர், அந்த வீட்டில் உண்மையாகவே குடியிருப்பவர், 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது படகேறித் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போய், பல ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர். வசனத்தைச் சொல்லி முடித்தபின், எவரும் சொல்லிக்கொடுக்காமலே, கொளுக்கியில் வைத்த கையை எடுக்காமல் வந்தவனின் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று செக்கன், வினாடிக்கு 24 என்ற கணக்கில் 72 ஃபிரேம். நான் அதை வெட்டினேன்.

"அண்ணா, அவ அதில நடிக்கேல்ல. அதை எப்பிடி வெட்டுறது?" என்றார் இயக்குநர்.

"நடிக்கேல்ல எண்டபடியால்தான் வெட்டுறன். அவவின்ர கதை வேற, எங்கட கதை வேற."

தொழில்முறையில் அந்தப் பதிலில் இன்றும் நான் பிழை காணவில்லை. கேள்வி முடிந்த கணமே அவன் முகத்துக்குப் போகாவிட்டால், பார்ப்பவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார், சிரிப்புக் கலைந்துவிடும். ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் ஓட்டோவை மறித்து நின்ற மானின் காட்சியை, கதைக்குத் தேவையே இல்லாதபோதும், அது தானாக விலகும்வரை வெட்டாமல் ஓடவிட்டவனும் நான்தான். மானுக்குக் கொடுத்த நேரத்தை அவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று இயக்குநர் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொள்கிறேன்.

திரையிட்ட அன்று சனம் நான் எதிர்பார்த்த இடத்திலேயே சிரித்தது. அந்த அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதை எனக்குச் சாதகமான சாட்சியாகத்தான் எடுத்துக்கொண்டேன், வெட்டுப்பட்டது எதுவென்று அவருக்குத் தெரிய வழியில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இப்போது வெளிநாட்டு விழாவொன்றுக்கு அனுப்ப, அந்த மூன்று செக்கனைத் திருப்பிச் சேர்க்கச் சொல்கிறார் இயக்குநர். ஊர்ச்சனத்துக்குச் சிரிப்பு, வெளியாருக்கு அவவின் மௌனமா என்று கோபத்தோடு கேட்டேன். திருகோணமலையில் அந்தப் பார்வையை எவருக்கும் விளக்கவேண்டியதில்லை என்றும் சொன்னேன். விளக்கத் தேவையில்லாதவர்களுக்கு அதைக் காட்டியிருக்கலாமே என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு விதமாகவும் வெட்டிய கோப்புகளை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.