கரண்ட் போன கிழமை

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொரு மணி தாண்டிக் கரண்ட் போனது. எங்கள் வீட்டில்தான் ஏதோ பிழை என்று மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "முழு நாட்டுக்குமே இல்லையாம் தம்பி" என்றார். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி வயரில் பட்டதாம். மகனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஒரேயொரு குரங்கா அப்பா?"

அவனுக்குப் பத்து வயது. வைஃபை இல்லாத வீட்டுக்குள் அறை அறையாக நடந்து திரிந்தான். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு சந்தோசம். ஃபேன் இல்லை, டிவி இல்லை. கிணற்றடியில் யாரோ வாளி வைக்கும் சத்தம் கூடக் கேட்டது. அது என்னுடைய சின்ன வயதுச் சத்தம்.

1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அப்போது எனக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு சுவரில் இருந்த சுவிட்சுகள் எங்களுக்கு விளையாட்டுச் சாமான். போட்டால் 'டக்', நிப்பாட்டினால் 'டக்', அவ்வளவுதான். அதனால் ஏதாவது எரியும் என்பதையே மறந்து போனேன்.

பின்னேரம் கரண்ட் வந்துவிட்டது. மகன் கை தட்டினான். நான் தட்டவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

இன்றைக்கும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. நேற்று நின்றுபோன நுரைச்சோலை அனல்மின் நிலைய இயந்திரங்கள் இன்னும் தேறவில்லையாம். எங்கள் பக்கம் இரவு எட்டு மணிக்கு இருண்டது.

மகனுக்கு ஜாம் போத்தல் விளக்குச் செய்து காட்டினேன். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப் வால்வுக்குள்ளால் திரியை இழுத்து, கம்பி கட்டிப் போத்தலுக்குள்ளேயே இறக்க வேண்டும். போத்தல்தான் சிமினி. காற்றுக்கு அணையாது, எண்ணெயும் கனக்கக் குடிக்காது. இரண்டு தரம் அணைந்து மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது. மஞ்சளாக, சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு சுடர். அதைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் குந்தியிருந்து படித்ததையும், அம்மா இருட்டில் கதை சொன்னதையும் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவ. "உனக்கு விளக்கு. எனக்கு மண்ணெண்ணெய்" என்றா.

"அதென்னம்மா?"

"சங்கக்கடை வரிசையிலை விடிய நிண்டது நான். ஆறரைக்கே உங்களைச் சாப்பிட வைச்சுப் படுக்கப் போட்டது ஏனெண்டு நினைச்சாய்? எண்ணெய் மிச்சம் பிடிக்க."

"அப்ப கதை சொன்னது?"

"இருட்டிலை கதைக்குச் செலவில்லை."

மகன் சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் பிந்தித்தான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். அம்மா புது அரிசி போட்டுப் புதிர்ச்சோறு சமைத்தா. இன்றைக்கும் வெட்டு இருந்தது. மகன் தானே போத்தலை எடுத்து வந்து திரியைச் சரி செய்தான். வேறொன்றும் எழுத இல்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

விளக்குக்கு வால்வு தேடியபோது வீட்டோரப் பத்திக்குள் கிடந்த டைனமோ கையில் பட்டது. அப்பாவின் ராலி சைக்கிளில் இருந்தது. சைக்கிள் போய்விட்டது, அப்பாவும் 2011இல் போய்விட்டார். டைனமோ மட்டும் கறள் பிடித்து, ஒரு பெரிய வண்டு மாதிரி இருக்கிறது.

அந்த நாளில் பற்றரி வராது, தடை. அதனால் டைனமோவில்தான் ரேடியோ கேட்டோம். டைனமோவின் கரண்ட் ரேடியோவுக்கு அப்படியே ஒத்துவராது என்று, ஒழுங்கையில் ரேடியோ திருத்துகிற அண்ணர் ஒருவர் நாலு டயோட் பூட்டித் தந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுப் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுவது என் வேலை. இரவில் பிபிசி தமிழோசைக்கு நாலைந்து வீட்டுச் சனம் முற்றத்தில் கூடும். நான் கை ஆற மெதுவாகச் சுற்றினால் குரல் தேய்ந்து கரகரக்கும். "சுத்தடா, சுத்து!" என்று எல்லாரும் கத்துவார்கள். எனக்கு அதில் பெரிய புழுகம். உலகச் செய்தி முழுக்க என் கையில்! வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றிக் குட்டு வாங்கியதும் உண்டு. என்ன செய்தி என்று ஒரு நாளும் காது கொடுத்ததில்லை. வானத்தில் வருவது பொம்மரா, ஹெலியா, சகடை விமானமா என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிற பெடியன், அது எங்கே குண்டு போட்டது என்று கேட்கமாட்டான். அந்தளவுதான் என் உலகம்.

1995 ஐப்பசி. யாழ்ப்பாணத்தைப் பிடிக்க இராணுவத்தின் ரிவிரெச நடவடிக்கை தொடங்கிவிட்டது. ஓர் இரவு செய்தி பாதியில் போய்க்கொண்டிருக்க, அப்பா என் தோளில் கை வைத்து, "காணும், நிப்பாட்டு" என்றார். சனம் அவரைப் பார்த்தது. ஒருவரும் "சுத்து" என்று சொல்லவில்லை. சில்லு தானாகச் சுற்றி, குரல் சிறுத்து நின்றது.

அப்பாவுக்கும் கேட்கப் பயமான ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒக்டோபர் 30 இரவு எல்லாரோடும் நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிட்டோம். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் அடி அடியாக நகர்ந்த கூட்டத்தில் அந்தச் சைக்கிளில் மூட்டை கட்டியிருந்தது. மூன்று நாளில் திரும்பி வருவோம் என்று அப்பா சொன்னார். நான் "ஓம்" என்றேன், ஆனால் நம்பவில்லை. அவர் சொல்லி நான் நம்பாத முதல் வார்த்தை அதுதான். கொடிகாமத்தில் அரை வருசத்துக்கு மேல் இருந்தோம்.

சின்ன வயது எப்போது முடிந்தது என்று கேட்டால் பாலத்தைச் சொல்லமாட்டேன். சில்லு நின்றதைத்தான் சொல்லுவேன். இதை முப்பது வருசமாக மனதில் வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

நேற்று டைனமோவை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, மகனின் சைக்கிளில் பூட்டினேன். சின்ன பல்ப் ஒன்று எரிந்தது. அம்மா முற்றத்துக்கு வந்து பார்த்தா. சில்லு நின்ற அந்த இரவு நடந்ததை முதல் தரமாக அவவிடம் சொன்னேன்.

"அதுக்கே நிப்பாட்டச் சொன்னவர்?" என்றா. "உன்ரை கையிலை பொக்குளம் போட்டு உடைஞ்சு கிடந்தது. பெடலெல்லாம் ஈரம். நீயெங்கை சொன்னனி? நாங்கள்தான் கண்டது."

"அப்ப செய்தி?"

"மிச்சத்தை அவர் தெருமுனை வீட்டை போய்க் கேட்டவர். வந்து எனக்குச் சொன்னவர். உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவர்."

பொக்குளம் எனக்கு ஞாபகமே இல்லை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். முப்பது வருசத்துக்குப் பிறகு அதில் என்ன இருக்கப் போகிறது?

மகன் இன்னும் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தான். மெதுவாகச் சுற்றினால் பல்ப் மங்கும், வேகமாகச் சுற்றினால் பிரகாசிக்கும் என்று கண்டுபிடித்துவிட்டான். வேண்டுமென்றே மங்க வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்தான்.