எப்போது நிறுத்துவது? பெரா பரிசோதனையோடு நான் பட்ட பாடு

குழந்தை தூங்கும் நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கும் நேரம். ‘கேட்கிறது’ என்று சொல்லத் தெரியாத வயதில், தலையில் மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் சின்னச் சின்ன ஒலித்துடிப்புகளை அனுப்பி, மூளைத்தண்டு தரும் மின்பதிலைப் பதிவு செய்கிறோம். இதைத்தான் பெரா என்கிறோம். இரண்டு காது, காதுக்கு நான்கு அதிர்வெண், ஒவ்வொன்றுக்கும் மூன்று ஒலி அளவு, எல்லாமே இரண்டிரண்டு தடவை. ஆக 48 பதிவுகள். நொடிக்கு 20 வீதம் 2000 துடிப்புகள் என்றால் ஒரு பதிவுக்கு 100 நொடி. மொத்தம் 80 நிமிடம். பாதியிலேயே குழந்தை விழித்துக்கொள்ளும்.

பதில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. அதைச் சுற்றியுள்ள மூளை, தசை இரைச்சலோ அதைப் போலப் பல மடங்கு. அதனால்தான் ஆயிரக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுக்கிறோம். ஆனால் இரைச்சல் பாதியாகக் குறைய நான்கு மடங்கு துடிப்புகள் வேண்டும். தெளிவான பதில் 400 துடிப்பிலேயே தெரிந்தாலும், பழக்கதோஷத்தில் 2000 வரை ஓட்டிக்கொண்டிருந்தோம். பதில் வந்ததும் தானாக நிற்கும் நிரல் ஒன்றை எழுதலாம் என்று இறங்கினேன்.

அளவுகோல் ஏற்கெனவே இருந்தது. 1984-இல் எல்பர்லிங், டான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முன்வைத்த எஃப்எஸ்பி. சராசரி அலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை, அதில் மிச்சமிருக்கும் இரைச்சலோடு ஒப்பிடும் விகிதம் அது. வெறும் இரைச்சல் என்றால் 1-ஐ ஒட்டியே நிற்கும். 3.1-ஐத் தாண்டினால் 99 சதவீத உறுதி என்பது அவர்கள் கணக்கு. நான் அவசரக்காரன். 95 சதவீதம் போதும் என்று எல்லையை 2.25-க்கு இறக்கினேன். 100 துடிப்புக்கு ஒரு தடவை விகிதத்தைப் பார், தாண்டியதும் நிறுத்து. அவ்வளவுதான் நிரல். வேகம் பிரமாதம்!

நல்ல வேளை, ஒலிக்குழாயை இறுக்கி அடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். காதுக்கு எந்த ஒலியும் போகவில்லை. நிரலோ ‘பதில் உண்டு’ என்று அடிக்கடி நின்றது. முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். நேரம் மிச்சம் பிடிக்க வேகத்தை நொடிக்கு 25 ஆக்கியிருந்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்பின் பதிவிலும் அலையின் ஏற்ற இறக்கம் மாறாமல் ஒரே இடத்தில் வந்து உட்கார, சராசரியில் அழியவே இல்லை. 27.1 ஆக மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, அப்போதும் தொல்லை விடவில்லை.

மிச்சக் குற்றவாளி நான்தான். 5 சதவீதப் பிழை என்பது ஒரே ஒரு முறை பார்ப்பவருக்கு. இடையிடையே ஐந்து முறை எட்டிப் பார்த்தால் பிழை சுமார் 14 சதவீதம். 20 முறை பார்த்தால் கிட்டத்தட்ட 25. என் நிரல் 20 முறை பார்த்தது. தாயம் விழும்வரை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, விழுந்ததும் ‘பார்த்தாயா!’ என்று குதிப்பது போலத்தான்.

மருந்துச் சோதனைகளில் இதற்கு மருந்து உண்டு. எத்தனை முறை பார்ப்போம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, ஒவ்வொரு முறைக்கும் எல்லையை இறுக்குவது. புள்ளியியலாளர் போக்காக்கின் முறைப்படி ஐந்து பார்வை என்றால், ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கும் பிழை 0.05-க்கு (அதாவது 5 சதவீதத்துக்கு) பதில் 0.0158. அப்படியே மாற்றினேன். குழந்தை சிணுங்கிய பகுதிகளைத் தூக்கி எறிவதற்குப் பதில், இரைச்சலுக்கு ஏற்ப எடையைக் குறைத்துச் சேர்த்தேன். அடைத்த குழாய்ச் சோதனையில் பிழை அடங்கியது. நல்ல பதில்கள் முதல் இரண்டு பார்வையிலேயே முடிய ஆரம்பித்தன.

சிக்கியது இன்னொரு இடத்தில். பதில் இல்லாத காதுக்கு எப்போது நிறுத்துவது? ஐந்து பார்வையும் முடிந்துவிட்டது என்பதற்காக ‘கேட்கவில்லை’ என்று எழுதிவிட முடியாது. குழந்தை புரண்டுகொண்டே இருந்திருக்கலாம். அதனால் மிச்ச இரைச்சல் போதிய அளவு இறங்கினால் மட்டுமே ‘பதில் இல்லை’, இல்லாவிட்டால் ‘முடிவு தெரியவில்லை’ என்று வைத்தேன். உடன் வேலை செய்பவருக்கு அந்த மூன்றாவது விடை கொஞ்சமும் பிடிக்கவில்லை. “பெற்றோரிடம் இதை எப்படிச் சொல்வது?” என்று கேட்டார். மறுபடியும் தூங்கவைத்து இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னேன். இப்போது அவரும் அப்படித்தான் சொல்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.