படக் கட்டத்துக்குத் தமிழில் பெயரிட்ட அச்சுகள்

மூன்று இடங்கள், மூன்று பொழுதுகள், மொத்தம் ஒன்பது படங்கள். கொழும்பின் காலிமுகத்திடல், வெள்ளவத்தைக் கடற்கரை, புறக்கோட்டையில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல். பொழுது மாற மாற வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை. ஆனால் வெறுமனே அடுக்கினால் எது காலை, எது பின்னேரம் என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. இடப்பக்கம் இடத்தின் பெயரும் மேலே பொழுதின் பெயரும் வேண்டும், அதுவும் தமிழில்.

முதலில் பைதன் நிரல்மொழியில், வரைபடங்கள் போட உதவும் மேட்பிளாட்லிப் நூலகம். கட்டம் போடுவது சுலபம். அச்சை, அதாவது ஒவ்வொரு படத்தையும் சுற்றி வரும் அளவுச் சட்டத்தை, முழுதாக அணைத்தால் பக்கப் பெயரும் சேர்ந்து மறைந்துவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அணைக்காமல், அளவுக் குறிகளை வெற்றாக்கி, சட்டக் கோடுகளை மறைத்தால் பெயர் நிற்கும். மேல் வரிசைப் படங்களுக்கு மட்டும் தலைப்பு, முதல் நெடுவரிசைக்கு மட்டும் பக்கப் பெயர். சரி, அமைப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் தமிழ். கூடவே வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் பெட்டிகள்தான் வந்தன. ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ எழுத்துருவைக் கொடுத்தேன். ‘மதியம்’ அழகாக வந்தது. ‘காலை’யில் ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. ‘வெள்ளவத்தை’யிலும் ‘புறக்கோட்டை’யிலும் கொம்புகள் எல்லாம் இடம் மாறின.

காரணம் இதுதான். யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி பின்னாலும் சேமிக்கப்படுகின்றன. திரையில் ெ, ே, ை மூன்றும் முன்னால் வர வேண்டும். ொ, ோ இரண்டும் எழுத்தின் இருபுறமும் பிரிய வேண்டும். இந்த ஒழுங்கைச் செய்வது ஹார்ஃபஸ் போன்ற, எழுத்துகளை அமைக்கும் ஒரு மென்பொருள் பொறி. என்னிடமுள்ள மேட்பிளாட்லிப் பதிப்பு அதைக் கேட்காமல் எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைக்கிறது. ‘மதியம்’ தப்பியது அதில் இடம் மாறும் குறி எதுவும் இல்லாததால்தான். ஒரு சொல்லை மட்டும் வைத்துச் சோதிப்பவர் எல்லாம் சரி என்று நம்பிவிடுவார். ‘கொழும்பு’ என்று எழுதிப் பார்ப்பதே நல்ல சோதனை.

அதனால் பைதனின் படக் கையாளல் நூலகமான பில்லோவுக்கு மாறினேன். எழுத்துகளை வரிசைப்படுத்தும் ராக்ம் நூலகம் இருந்தால் அது ஹார்ஃபஸ் வழியாகத் தமிழைச் சரியாக அமைக்கும். இல்லாவிட்டால் சாதாரண முறைக்கே திரும்பிவிடும் என்பதால், ராக்ம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுப் பார்ப்பது நல்லது. கட்டத்தை நாமே வரைய வேண்டும், ஆனால் வேலை அதிகமில்லை. கைத்தொலைபேசிப் படங்களை படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் எக்சிஃப் குறிப்பின்படி நிமிர்த்தி, ஒரே அளவுக்கு வெட்டி, பெரிய வெள்ளைப் பரப்பில் ஒட்டினேன். எழுத்துருவிடமே ஒவ்வொரு பெயரின் நீளத்தையும் கேட்டு, மிக நீளமானதை வைத்து இடப்பக்க ஓரத்தை முடிவு செய்தேன். பழைய உதாரணங்களில் எழுத்தின் அளவைக் கேட்க வரும் டெக்ஸ்ட்சைஸ் கட்டளை 2023இல் வந்த பில்லோ 10இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் டெக்ஸ்ட்லெங்த் இருக்கிறது.

இப்போது நெடுவரிசைகளை மேலிருந்து கீழே படிக்க முடிகிறது. கடல் மேற்கில் இருப்பதால் காலை நெடுவரிசையில் வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழுகிறது, அலையின் நிறம் தெளிவு. மதிய நெடுவரிசையில் நிழல்கள் காலடிக்குள் ஒடுங்கிவிட்டன. பின்னேர நெடுவரிசையில் வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் நடப்பவர்கள் கறுப்பு உருவங்கள் மட்டுமே. பள்ளிவாசலின் சிவப்பு வெள்ளைக் கோடுகள்தான் மூன்று பொழுதிலும் எடுப்பாக நிற்கின்றன.

இடப்பக்கம் ‘இடம்’ என்று செங்குத்தாக ஒரு பொதுப் பெயரும் போட வேண்டும்.  அதை ஒளிபுகும் சிறு படத்தில் எழுதி, 90 பாகை திருப்பி ஒட்டலாம். அடுத்த வேலை அதுதான்.