தோடிக்குக் கைதட்டல்

வைகாசி 5

இன்று கல்யாண ரிசப்ஷனில் எங்கள் நாதஸ்வர வாசிப்பு. மாப்பிள்ளையின் நண்பர்கள் துண்டுச் சீட்டில் சினிமாப் பாட்டாக எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் வாசித்தோம். இதில் எனக்கு வெட்கமில்லை. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே 1940இல் ‘கவி காளமேகம்’ படத்தில் கதாநாயகனாக நடித்தவர். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’க்காக எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகத்தில் வாசித்தார். கச்சேரி வாசலை மிதிக்காதவர்கள்கூட அந்தப் பாட்டால் அவரை அறிந்தார்கள். சினிமாவுக்குத்தானே என்று அவர் ஆபேரியை நீர்க்க விடவில்லை. கேட்டுப் பாருங்கள், ஸ்வரங்கள் அப்படிப் பாயும்.

எனக்கு உறுத்தியது தோடி ராகம். ராகத்தை விரித்து வாசிக்கும் ஆலாபனையில், என்னோடு வாசிக்கும் அக்கா மகன் உச்சத்து ‘ஸ’வான மேல் ஸட்ஜத்தைப் பிடித்தான், விடவே இல்லை. முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்தது. செல்போன்கள் எழுந்தன, கைதட்டல், விசில். தவில்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தோடியின் ‘க’வாகிய காந்தாரத்தில் இழைய வேண்டிய நேரமெல்லாம் அந்த ஒற்றை ஸ்வரத்துக்கே போயிற்று. சீட்டில் எழுதி வந்த பாட்டில்கூட இவ்வளவு பொய் இல்லை.

வைகாசி 6

வாயில் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துக்கொண்டே அவனிடம் கேட்டேன்.

“ஜனத்துக்குப் பிடிச்சிருக்கே மாமா.”

“அவங்க கை தட்டினது உன் மூச்சுக்கு மாப்ளே. தோடிக்கு இல்ல.”

பதில் இல்லை. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதற்கு முன் காந்தாரத்தை அசைத்து அசைத்து வாசித்தபோது ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இருபது வயதில் பந்திக்குப் போகிறவர்களின் முதுகைப் பார்த்து வாசிப்பது லேசில்லை.

வைகாசி 9

கோயிலில் விசாகத் திருவிழா. சாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டை ராகத்தில், புறப்பாட்டு இசையான மல்லாரி. அப்புறம் தெற்கு வீதியில் அதே தோடி. கூட்டம் சாமியைத்தான் பார்க்கும், எங்களை யார் பார்க்கிறார்கள்? பையன் மேலே ஏற அவசரப்படவே இல்லை. கீழேயே சுற்றிச் சுற்றி வந்தான். எனக்கு வராத ஒரு ஸ்வரப் பிடியும் அவனுக்கு வந்தது. தீவட்டி பிடித்த பெரியவர் நடையைக் குறைத்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைத் திட்டினார்கள்.

வைகாசி 11

அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு பெண் வீட்டார் போன் செய்தார்கள். கைக்குக் கை வீடியோ போயிருக்கிறது. “மூச்சடக்கி வாசிக்கிற தம்பி கண்டிப்பா வரணும்.” சரி என்றேன், தொகையையும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். தோடியை மட்டும் நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது என்றேன்.

“தாராளமா வாசிங்க, சாப்பாட்டு நேரத்துல” என்றார்.