ஜூம்ல கோரஸ் வராது, கார்ல வரும்

டெக்னாலஜிய வச்சு சேர்ந்து பாடுறதப் பத்தி பேச்செடுத்தாலே அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கரோட விர்ச்சுவல் கொயர், அதாவது ஆன்லைன் பாட்டுக்குழு வீடியோ லிங்க்கை யாராவது அனுப்பிடுறாங்க. 2010ல வந்தது, 12 நாட்டுலேர்ந்து 185 பேர், கேக்க அருமையாதான் இருக்கு. ஆனா அதுல ஒருத்தர் குரல் இன்னொருத்தர் காதுல விழவே இல்ல, தனித்தனியா ரெக்கார்ட் பண்ணினத அப்புறமா எடிட் பண்ணி ஒட்டினது. லைவ்னு என்னால அத ஒத்துக்க முடியல.

கொரோனா வந்தப்போதான் இது நிஜமாவே பிரச்சனையாச்சு. 2020 மார்ச்ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல, ஸ்காஜிட் வேலி கொயர் ரிகர்சலுக்கு வந்த 61 பேர்ல உறுதியானது, இருக்கலாம்னு நெனச்சது எல்லாம் சேர்த்து 53 பேருக்கு தொத்திடுச்சு, ரெண்டு பேர் இறந்துட்டாங்க. சரி ஜூம்ல பாடலாம்னு எல்லாரும் ஓடினா அங்க ஒண்ணுமே தேறல. ஏன்னா சத்தம் ஒரு மீட்டர் போக சுமாரா 3 மில்லிசெகண்ட் ஆகும், அப்போ மேடையில 10 மீட்டர் தள்ளி நிக்கிறவர் குரல் 30 மில்லிசெகண்ட் லேட்டா வருது, அதுக்கும் மேல போனா நீ வரட்டும்னு நான், நான் வரட்டும்னு நீ, பாட்டு அப்படியே இழுத்துக்கிட்டே போகும். ஜூம்ல டிலே அதவிட பல மடங்கு, போதாததுக்கு ஒரே நேரத்துல நாலு பேர் வாயத் தொறந்தா மூணு பேரை அமுக்கிடும்.

ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில உருவான ஜாக்டிரிப்ங்கிற சாஃப்ட்வேர் இதுக்குன்னே இருக்கு, சத்தத்த கம்ப்ரெஸ் பண்ணாம நேரா அனுப்பும். வைஃபை ஆகாது, லேன் கேபிள் வேணும். அதுவும் ஒரே ஊருக்குள்ளன்னா ஓகே, ஃபைபர்ல ஒளியே 1000 கிலோமீட்டருக்கு 5 மில்லிசெகண்ட் எடுத்துக்கும், சென்னையும் கலிஃபோர்னியாவும் சேர்ந்து தாளம் போடுறதெல்லாம் நடக்காது.

எனக்குப் புடிச்சது கார் கொயர்தான். வர்ஜினியாவுல டேவிட் நியூமன்னு ஒரு பாடகர், ஆளாளுக்கு ஒரு வயர்லெஸ் மைக் குடுத்து அவங்கவங்க கார்லயே உக்கார வச்சு, எல்லா மைக்கையும் ஒரு ஆடியோ மிக்சர்ல சேர்த்து, சின்ன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வழியா கார் ரேடியோவுக்கே அனுப்பிட்டார். இன்டர்நெட்டே கெடையாது, சத்தத்த டிஜிட்டலா மாத்தாம அனுப்புற அனலாக் மைக்ங்கிறதால டிலேன்னு சொல்லிக்க ஒண்ணுமில்ல, எல்லாரும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே பாடலாம். ரேடியோவ ரொம்ப நேரம் ஓட விட்டா பேட்டரி இறங்கிடும், அது ஒண்ணுதான் பாத்துக்கணும்.